கொண்டை வண்டி

கிரேனில் கட்டி இழுத்துக்கொண்டு வந்து அந்த வண்டியை எங்கள் ஷெட் வாசலில் இறக்கியபோது நான் ஒரு ஆட்டோ சீட்டுக்கு ரெக்ஸின் தைத்துக்கொண்டிருந்தேன். வாசலை அடைத்து வண்டி நிறுத்துகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. ஆம்பூர் பைபாஸில் இடத்துக்கா பஞ்சம், எங்கள் வாசல்தான் கிடைத்ததா என்று நாலு வார்த்தை கேட்கத்தான் எழுந்து போனேன். போனவள் வாயைத் திறந்தபடியே நின்றுவிட்டேன்.

வண்டியின் டாப்பில் கொண்டை இருந்தது.

பழைய டாட்ஜ் பிக்கப். முன்கண்ணாடி இல்லை. ஒரு பக்கத்துக் கதவைக் கயிறு போட்டுக் கட்டியிருந்தார்கள். பச்சைப் பெயின்ட் திட்டுத் திட்டாகத்தான் மிச்சம். ஆனால் டிரைவர் சீட்டுக்கு நேர் மேலே டாப்புத் தகடு குண்டானைக் கவிழ்த்த மாதிரி புடைத்து நின்றது. எந்தக் கம்பெனிக்காரனும் அப்படி ஒரு வண்டியைச் செய்து விற்றதில்லை. அந்தக் காலத்தில் ஆம்பூரில் கொண்டை வண்டி என்றால் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அதை ஓட்டியவர் பெருமாள். என் அப்பா.

தோல் பதனிடும் ஷாப் ஒன்றுக்கு அவர் டிரைவர். பேரணாம்பட்டு, குடியாத்தம் என்று சுற்றி உப்புப் போட்ட பச்சைத் தோல்களை வாங்கி ஏற்றிக்கொண்டு வருவார். பள்ளிக்கூடம் லீவு விட்டால் நானும் ஏறிக்கொள்வேன். அந்த நாற்றத்தைப் பழகாதவர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. ஆனாலும் வேறு எந்தச் சுகமும் எனக்கு அதற்கு ஈடில்லை. வண்டி கிளம்பும்போது மூன்று முறை இருமும், அப்புறம் ஒரு செருமல், அப்புறம் சீட்டெல்லாம் நடுங்கும். தண்ணீர் இல்லாத பாலாற்று மணலில் இறங்கி ஏறும்போது அப்பா என் முழங்காலை ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொள்வார். காட்பாடிக்கு லோடு போனால் ஸ்டேஷன் எதிரில் பன் வாங்கித் தருவார், பெங்களூர் ரயில் போகிறவரைக்கும் நிறுத்திக் காட்டுவார். நான் பன்னைக் கடித்துக்கொண்டே அண்ணாந்து பார்ப்பேன். அப்பாவின் தலைக்கு மட்டும் தனியாக ஒரு அறை கட்டின மாதிரி அந்தக் கொண்டையின் பள்ளம் மேலே போகும். அப்பா ரொம்ப உயரம், தலை இடிக்கும், அதனால் தட்டி உயர்த்தியிருக்கிறார்கள் என்று அம்மா சொல்லியிருந்தாள்.

நான் மூன்றாவது படிக்கும்போது அப்பா மஞ்சள்காமாலையில் போய்விட்டார். கொஞ்ச நாளில் வண்டியும் கண்ணில் படவில்லை. உடைத்து இரும்பு விலைக்குப் போட்டிருப்பார்கள் என்று நினைத்து அதற்கும் சேர்த்து அழுது முடித்திருந்தேன். அது இத்தனை வருஷம் கழித்து என் வாசலில் வந்து நின்றால் எப்படி இருக்கும்?

வண்டியோடு வந்தவன் ஹம்மாத். தோல் ஷாப் முதலாளியின் மகள் வயிற்றுப் பேரன். ஷாப்பை எப்போதோ மூடிவிட்டார்கள், வண்டி பின்பக்கத்துக் குடோனிலேயே கிடந்திருக்கிறது. இவன் இப்போது ஹைவேயில் செருப்பு ஷோரூம் திறக்கப்போகிறான், அதன் வாசலில் இதை நிறுத்த வேண்டுமாம்.

"அக்கா, புதுசு மாதிரி பண்ணிக் குடுங்க. ஆனா அந்தக் கொண்டை மட்டும் எப்டி இருக்குதோ அப்டியே இருக்கணும். அம்மி கண்டிஷனா சொல்லிட்டாங்க. கொண்டை போச்சுன்னா வண்டிய வூட்டுப் பக்கமே கொண்டாராதன்னாங்க" என்றான்.

"உங்கம்மாவுக்கு இன்னாத்துக்குப்பா அது?"

"தெரிலக்கா. கேட்டா சிரிக்கிறாங்க."

நான் டிரைவர் மகள் என்று அவனிடம் சொல்லவில்லை. முதலாளி வீட்டுப் பையன் முன்னால் போய் நான் உங்கள் டிரைவர் பெண் என்று நிற்க எனக்கென்ன தலையெழுத்து? வேலையைக் கொடுத்தான், செய்து தரப்போகிறோம், அவ்வளவுதான். என் வீட்டுக்காரர் மகேந்திரனிடம் மட்டும் சொன்னேன். டிங்கரிங் வேலை எல்லாம் அவர். சீட்டும் உள் லைனிங்கும் நான். அவர் அதிகம் பேசமாட்டார். அவருக்கும் சேர்த்து நான் பேசிவிடுகிறேன் என்பார்கள், அது உண்மைதான்.

அவர் டாப்பின் மேல் ஏறி விரல் கணுவால் தட்டிப் பார்த்தார். சத்தம் செத்திருந்தது. ஒரு ஸ்க்ரூடிரைவரை வைத்து லேசாக அழுத்தினார். அப்பளத்தில் போகிற மாதிரி உள்ளே போய்விட்டது.

"மத்த வண்டிக்கு எல்லாம் துரு கீழேர்ந்து ஏறும். இதுக்கு மேலேர்ந்து எறங்கிக்கீது" என்றார்.

எறங்காமல் என்ன செய்யும்? லோடு ஜாஸ்தியானால் தோல்களை டாப்பு மேல் வரைக்கும் அடுக்கிக் கயிறு போடுவார்கள். உப்புத் தண்ணீர் ஒழுகி ஒழுகி அந்தத் தகட்டையே ஊறுகாய் போட்டிருக்கிறது.

"இது நிக்காது எழிலு. டாப்ப வெட்டி எடுத்துட்டு புதுத் தகடுல அடிக்கணும்."

"கொண்டை?"

"கம்பிய வளைச்சு அளவு எடுத்துக்கினு அதையும் அடிச்சிடலாம்."

எனக்கு வந்ததே கோபம். கம்பி என்ன சொல்லும்? முன்னாலிருந்து பின்னால் ஒரு கோடு, இடமிருந்து வலம் ஒரு கோடு. நடுவில் இருக்கிற வளைவை யார் சொல்வது? கல்யாணத்துக்கு முன்னால் நான் ஷூ கம்பெனியில் வேலை பார்த்தவள். அங்கே காலடி அச்சுக் கட்டை மேல் டேப்பை ஒட்டி, உரித்து எடுத்துத்தான் பேட்டர்ன் போடுவோம். கட்டையின் மேடு பள்ளம் எல்லாம் அதில் வந்துவிடும்.

"அப்ப டேப்பே ஒட்டிக்கலாமே" என்றார் மகேந்திரன்.

"டேப்பு எங்கப்பா தலைய தாங்குமா? ஈரத்தோல போட்டு இழுத்துக் கட்டுவோம். காஞ்சதும் கழட்டினா கொண்டை கொண்டையாவே கைக்கு வரும். அத பாத்து நீங்க அடிங்க."

"தோலு சுருங்காதா?"

"ஆம்பூர்ல பொறந்தவளுக்குத் தோல் வேலை சொல்லித்தர்றீங்களா நீங்க?"

அவர் குடியாத்தத்துக்காரர். நெசவுக் குடும்பம். கயிறு தேடி எடுக்கப் போய்விட்டார்.

தெரிந்த தோல் ஷாப்புக்குப் போய் ஒரு முழு மாட்டுத்தோல் கேட்டேன். பதனிட்ட தோலா, சுண்ணாம்புத் தோலா என்று அங்கே கேட்டார்கள். சுண்ணாம்பில் ஊறவைத்து முடியை உரித்தெடுத்த, இன்னும் பதனிடாத தோல் அது. வெள்ளை வெளேரென்று கனமாக இருக்கும். காய்ந்தால் பலகை போல விறைத்து நிற்கும் என்பதால் அதையே வாங்கினேன். ஷூ கம்பெனிக்கு வருவதெல்லாம் பதனிட்டு முடித்த தோல்தான். அதன் குணம் எனக்கு அத்துப்படி. பச்சைத்தோலின் குணம் எனக்குத் தெரியாது, தெரியாது என்பதும் எனக்குத் தெரியவில்லை.

இரண்டு பேருமாக அதை டாப்பின் மேல் விரித்தோம். சுற்றிலும் விளிம்புக்குக் கீழே நைலான் கயிறு கொடுத்து ஆளுக்கொரு பக்கம் இழுத்துக் கட்டினோம். நான் மேலே ஏறி உட்கார்ந்து கொண்டையைச் சுற்றி உள்ளங்கையால் நீவி நீவி அமுக்கினேன். ஈரத்தோலுக்கு அடியில் அந்த உருண்டை கைக்கு அடங்கியது. அப்பாவுக்கு எண்ணெய் தேய்த்துவிடுகிற மாதிரி இருந்தது எனக்கு. மகேந்திரன் கீழேயிருந்து பார்த்துவிட்டு டீ வாங்கப் போய்விட்டார்.

அடுத்த நாள் வெயிலைச் சொல்ல வேண்டாம். மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது வெளியே மடக்கென்று ஒரு சத்தம். சோற்றுக் கையோடு ஓடினேன்.

காய்கிற பச்சைத்தோல் சும்மா சுருங்காது, பிடித்ததை நெரித்துக்கொண்டு சுருங்கும். அதுவும் நான்கு பக்கமும் கட்டிப்போட்டால் கேட்கவே வேண்டாம். நல்ல தகடாக இருந்தால் தாங்கியிருக்கும். உப்பு தின்ற தகடு என்ன செய்யும்? தோல் தவில் மாதிரி இறுகித் தட்டையாக நின்றது. கயிற்றை அறுத்துத் தூக்கிப் பார்த்தோம். கொண்டை இருந்த இடத்தில் குழி. குழிக்குள் துருத் துண்டுகள்.

எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. தோல் மேல், வெயில் மேல், தோலைக் கொடுத்தவன் மேல், கடைசியில் பக்கத்தில் மரம் மாதிரி நின்ற மகேந்திரன் மேல்.

"திட்டுங்களேன். அப்பவே சொன்னேனேன்னு ஒரு வார்த்த திட்டுங்களேன்."

"திட்டினா கொண்டை வந்துடுமா?" என்றார்.

அப்போதுதான் அழுதேன். இத்தனை வருஷம் குடோனில் யாரும் தொடாமல் பத்திரமாகக் கிடந்தது. மகள் கைக்கு வந்த வாரமே மண்ணோடு மண்ணாகப் போய்விட்டது. என் அப்பா இந்த உலகத்தில் விட்டுப்போன ஒரே உருவம் அதுதான். அதற்குள் அவர் தலை இருந்திருக்கிறது. இனி அது எங்கேயும் இல்லை.

சாயந்திரம் ஹம்மாத் போன் செய்தான். பெயின்ட் அடிப்பதற்கு முன்னால் அவன் அம்மா நேரில் வந்து பார்க்கப்போகிறார்களாம். அவர்கள் சரி என்றால்தான் மேலே வேலை. நடந்ததைச் சொல்லிவிடலாம் என்றார் மகேந்திரன். முதலில் செய்து நிறுத்துங்கள், அப்புறம் நானே சொல்கிறேன் என்றேன்.

"எவ்ளோ ஒசரம் இருந்துச்சு, சொல்லு. உள்ள குனிஞ்சி பாத்தப்ப நீ எதுனா அளவு வெச்சிக்கினியா?"

"அப்பா தலைக்கு மேல ரெண்டு விரல் எடம் இருக்கும். அதான் தெரியும்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "உங்கப்பா ஒசரம் யாருக்கு வந்துக்கீது?"

வேறு யாருக்கு, எனக்குத்தான். மகேந்திரனை விட நான் ஒரு சாண் உயரம். எங்கள் கல்யாணத்தில் தாலி கட்ட அவருக்கு மணை போட்டார்கள் என்று குடியாத்தத்தில் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்கள். எங்கள் ஷெட்டின் ஷட்டரில் தினமும் தலையை இடித்துக்கொள்கிறவள் நான் ஒருத்திதான்.

"போய் உக்காரு" என்றார்.

அந்த சீட்டில் நான் உட்கார்ந்ததே இல்லை. என் இடம் எப்போதும் கியருக்கு அந்தப் பக்கம். ஸ்பிரிங் பிதுங்கிய சீட்டில் சாக்கைப் போட்டு உட்கார்ந்தேன். ஸ்டியரிங்கைப் பிடித்தேன். என் கை போன இடத்தில் எல்லாம் அப்பாவின் கை போயிருக்கும். மகேந்திரன் சீட்டிலிருந்து உச்சந்தலை வரைக்கும் அளவு டேப் பிடித்தார், மேலே இரண்டு விரல் வைத்தார்.

அப்புறம் ஷெட்டில் வேறு வேலையே நடக்கவில்லை. புதுத் தகட்டை மணல் பையின் மேல் வைத்து மரச் சுத்தியால் வட்டம் வட்டமாக அடித்தார். ஒரே இடத்தில் அடித்தால் தகடு மெலிந்து கிழிந்துவிடும், அதனால் நடுவிலிருந்து சுற்றிச் சுற்றி வெளியே வருவார். ஓரம் சுருக்கம் விட்டால் கேஸில் சூடு காட்டித் தட்டி அடக்குவார். உருண்டை எழுந்ததும் அடியில் டாலி என்கிற இரும்புக் கட்டையைக் கொடுத்து மேலே சின்னச் சின்ன அடி. நடுநடுவே சுத்தியை வைத்துவிட்டு, ஒரு பழைய துணியை உள்ளங்கைக்கு அடியில் வைத்துத் தகட்டைத் தடவிப் பார்ப்பார். கண்ணுக்குத் தெரியாத மேடு கைக்குத் தெரியுமாம். இங்கே கொஞ்சம் மேலே, அங்கே கொஞ்சம் சாய்வு என்று நான் பக்கத்தில் நின்று உயிரை எடுத்தேன். பேஜார் பண்ணாதே என்று ஒரு நாளும் சொல்லவில்லை அவர்.

பழைய டாப்பை வெட்டி இறக்கிவிட்டுப் புதியதை வெல்டிங் வைத்து முடித்த அன்று தூரப் போய் நின்று பார்த்தேன். கொண்டை வண்டிதான், சந்தேகமே இல்லை. மனசு நிறைந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து ஹம்மாத் தன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தான். அஃப்ஸர் ஜஹான். அறுபதை ஒட்டிய வயது. கறுப்பு புர்கா, மூக்குக்கண்ணாடி. யார் கையையும் பிடிக்காமல் இடது பக்கக் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் முன்னால் பார்த்தபடி இருந்தார். பிறகு டிரைவர் சீட்டுக்கு மேலே அண்ணாந்து பார்த்தார்.

"கம்மியா இருக்கே" என்றார்.

"இன்னாம்மா கம்மி?"

"கொண்டை. இத விட ஜாஸ்தியா இருக்கும்."

நடந்ததை ஒப்புக்கொள்ளத்தான் இருந்தேன். ஆனால் கம்மி என்றதும் எனக்குச் சுருக்கென்றது.

"பழசு ஒடஞ்சி போச்சும்மா. என்னாலதான் ஒடஞ்சுது, ஒத்துக்கறேன். ஆனா இது அளவு தப்பாது. ஆள உக்கார வெச்சு அளவெடுத்துப் பண்ணது."

"யார் அளவு?"

"எங்கப்பா அளவு" என்றேன். சொல்லக் கூடாது என்றிருந்தது வாயை மீறி வந்துவிட்டது.

அவர் வண்டியை விட்டு இறங்கி என் எதிரில் வந்து நின்றார். என் முகத்தைப் பார்க்க அவரும் அண்ணாந்துதான் பார்க்க வேண்டியிருந்தது.

"பெருமாளண்ணன் பொண்ணா நீ? மூக்கு மேல துண்டு கட்டிக்கினு வருவியே, அந்தக் குட்டியா?"

நான் தலையை ஆட்டினேன்.

"உங்கப்பா வெறுந்தலைக்கு இது போதும்மா. ஆனா அவரு எப்ப வெறுந்தலையோட வண்டி ஓட்டினாரு? முண்டாசு கட்டித்தான ஓட்டுவாரு" என்றார்.

எனக்குப் புரியவில்லை. என் ஞாபகத்தில் இருந்த அப்பாவுக்கு முண்டாசு இல்லை.

"வண்டி வந்த புதுசுல முண்டாசு டாப்புல இடிச்சிக்கினே இருக்கும். கழுத்த ஒரு பக்கம் சாய்ச்சிக்கினு ஓட்டுவாரு. துண்ட அவுத்துட்டு ஓட்டேன்யா, இன்னாத்துக்கு இந்தக் கஷ்டம்னாரு எங்கப்பா. மறுநாள் வண்டி வரல. அதுக்கு அடுத்த நாள் வருது, தலையில கொண்டையோட. யாரையும் ஒரு வார்த்த கேக்காம எங்கயோ பட்டறையில குடுத்துத் தட்டிக்கினு வந்துட்டாரு."

"உங்கப்பா சும்மா வுட்டாரா?"

"வுடுவாரா? காம்பவுண்டே அதிர்ற மாதிரி கத்தினாரு. பெருமாளண்ணன் சாவிய மேசை மேல வெச்சாரு. எங்க ஊர்ல பெரிய வூட்டு ஆளு எதிர்ல வந்தா தலைத்துண்ட அவுத்து கக்கத்துல இடுக்கிக்கணும், அதுக்காகத்தான் ஒடுகத்தூர் பக்கமே வேணாம்னு வந்தேன், வண்டிக்குள்ளயும் அவுக்கணும்னா நீங்க வேற டிரைவர பாத்துக்குங்கன்னாரு. எங்கப்பா அவரையே பாத்துக்கினு இருந்தாரு. அப்புறம் சாவிய எடுத்து அவர் கையிலயே குடுத்துட்டாரு. நான் கதவாண்ட நின்னு பாத்தேன், சின்ன வயசு. அதுக்கப்புறம் என்னென்னவோ பாத்துட்டேன். யாருக்கு மறந்தாலும் எனக்கு இது மறக்காது."

தன் சொந்த ஊருக்கு ஒரு தடவை கூட அப்பா என்னை அழைத்துப் போகாதது ஏன் என்று அப்போது புரிந்தது. ஆனால் என்னை உட்காரவைத்தது அது இல்லை. நான் பக்கத்தில் கிடந்த டயர் மேல் உட்கார்ந்தது வேறு ஒன்றுக்காக.

லோடு ஏற்றிய வண்டியில் எனக்குக் குமட்டும். வண்டி கிளம்பிய கொஞ்ச நேரத்திலேயே வாயைப் பொத்துவேன். அப்பா வண்டியை ஓரம் கட்டுவார். துண்டை உதறி, இரண்டாக மடித்து, என் மூக்கையும் வாயையும் சுற்றிக் காதுக்குப் பின்னால் முடிச்சுப் போடுவார். அந்தத் துண்டில் தேங்காய் எண்ணெய் வாசனை அடிக்கும். அது தலையிலிருந்து அவிழ்த்த துண்டு என்று ஒரு நாளும் எனக்குத் தோன்றியதே இல்லை. ஊர்ப் பெரிய வீட்டுக்காரர்களுக்கு அவிழ்க்க மாட்டேன் என்று ஊரையே விட்டு வந்த மனுஷர். சோறு போட்ட முதலாளிக்கு அவிழ்க்க மாட்டேன் என்று சாவியைத் தூக்கி வைத்த மனுஷர். என் வாந்திக்கு அவிழ்த்திருக்கிறார், ஒவ்வொரு தடவையும்.

ஹம்மாத் முன்னால் அழுகிறோமே என்று கூட எனக்குத் தோன்றவில்லை. வாய்விட்டு அழுதேன். அஃப்ஸர் ஜஹான் என் முதுகில் கை வைத்துக்கொண்டு நின்றார். அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது.

மகேந்திரன் உள்ளே போய்த் துவைத்து மடித்த ஒரு துண்டோடு வந்தார். என் கையில் கொடுத்தார்.

"கட்டிக்கினு ஏறு" என்றார்.

முண்டாசு கட்ட எனக்கு வரவில்லை. மூன்று முறை சுற்றியும் சரிந்தது. அஃப்ஸர் ஜஹான்தான் வாங்கிச் சுற்றி இறுக்கினார். டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். அவர் அந்தப் பக்கம் சுற்றி வந்து, நான் சின்ன வயசில் உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்தார். மகேந்திரன் மரச் சுத்தியோடு ஜன்னல் பக்கம் நின்று மேலே பார்த்தார்.

"இடிக்குதா?"

"இல்லியே" என்றேன்.

"நல்லா நிமிந்து உக்காரும்மா" என்றார் அஃப்ஸர் ஜஹான்.

அவர் சொன்ன பிறகுதான் கழுத்தைச் சாய்த்து உட்கார்ந்திருப்பது எனக்கே தெரிந்தது. நிமிர்ந்தேன். முண்டாசு தகட்டில் போய் அழுத்தமாக முட்டியது.

"இடிக்குதுங்க."

"அப்ப எறங்கு. தட்டணும்" என்றார் மகேந்திரன்.